போன காரியம் என்னாச்சு

உலகத்துல எல்லா ஊர்லயும் செத்தவனுக்குத்தான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவாங்க. எங்க நல்லூரணியில மட்டும் உயிரோட இருக்கிறவன் பசை வாளியைத் தானே தூக்கிட்டுப் போயி, தன் மூஞ்சியைத் தானே சுவத்துல ஒட்டி, கோணலா இருக்கான்னு நாலடி தள்ளி நின்னு பார்த்துட்டு, அப்படியே டீ குடிக்கப் போனான். இந்த வெக்கங்கெட்ட கதையை நான் சொன்னாத்தான் உண்டு, மத்தவன் எல்லாம் போஸ்டர்ல இருக்கான். எம் பேரு ஜெபமணி, இந்த ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல முப்பத்தோரு வருசமா நர்ஸ். இந்த ஊர்ல பாதிப் பயலுவளை வெளிய இழுத்துப் போட்டதே இந்தக் கைதான், அதை நினைச்சா இன்னைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும்போல இருக்கு.

ஆரம்பிச்சு வச்சது ரைஸ்மில் தவசிமுத்து அண்ணாச்சி. கல்யாண வீடுன்னா மாப்பிள்ளையா இருக்கணும், சாவு வீடுன்னா பொணமா இருக்கணும்னு அலையிற ஆளு. வைகாசி மாசம் ஒரு முகூர்த்த நாளு, கோவில்பட்டியில ஒரு கல்யாணம், சாத்தூர்ல ஒரு சாவுக்குத் துஷ்டி, ரெண்டுக்கும் தலையைக் காட்டியாகணும், காட்டலைன்னா நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு எவன் வருவான்னு வாசப்படியில நின்னு வலது காலை எடுத்து வைக்கவா இடது காலை வைக்கவான்னு முழிச்சவரு, ரெண்டையும் ஒரே நேரத்துல வச்சாரு, ரெண்டு பேரா இறங்கினாரு. காபி கொண்டு வந்த அவரு சம்சாரம் ரெண்டு பேரையும் பார்த்தா, உள்ள போயி இன்னொரு டம்ளர் எடுத்துட்டு வந்தா. எங்க ஊர்ல அதிசயத்துக்கு மரியாதை அவ்வளவுதான்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ளங்கையைப் பார்த்தாங்க. ஒருத்தர் கையில மருதாணிச் செவப்புல 6118னு ஒரு நம்பர், இன்னொருத்தர் கை வெறுங்கை. நம்பர் இருக்கிறவரு பழைய ஆளு, வெறுங்கைக்காரன் மறுஆளு, அந்த நம்பர் மறுஆளோட நம்பர். இதை யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரல, பார்த்ததும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. அந்த நிமிசம் வரைக்கும் வெறுங்கைக்காரனும் முழுத் தவசிமுத்துதான், அதே முட்டிவலி, சின்ன வயசுல கிணத்துல விழுந்து செத்த தம்பியோட அதே நினைப்பு, நாக்குல அதே காபிச் சூடு. "நான் ஏம்வே போகணும்?"னு கூட ஒரு வார்த்தை கேட்டான். பழைய ஆளு, "நீ துஷ்டி கேக்கப் போறவன்"னு சொன்னாரு, சொன்ன மாத்திரத்துல முட்டிவலி, தம்பி, காபி எல்லாம் அவனை விட்டு வடிஞ்சு, துஷ்டி கேக்கிறவன் மட்டும் மிச்சமா நின்னு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு சாத்தூர் பஸ்சைப் பிடிக்கப் போனான்.

மூணு மணி பஸ்சுக்குத் திரும்பி வந்து வாசல்ல நின்னான். யாரை எங்க அனுப்பினாலும் வந்ததும் "போன காரியம் என்னாச்சு?"ன்னு கேக்கிறது எங்க பக்கத்து வழக்கம், அண்ணாச்சியும் வாய்ப் பழக்கத்துல கேட்டுட்டாரு. அவன் சொன்னான். செத்தவரோட மக ஒரு மூலையில உக்காந்து அப்பாவோட செருப்பைத் துடைச்சுக்கிட்டே இருந்ததையும், ஏம்மா இதைப் போயித் துடைக்கேன்னு கேட்டதுக்கு, நாளைக்கு வேலைக்குப் போகணும்லன்னு அவ சொன்னதையும் அவன் சொல்லச் சொல்ல, அத்தனையும் நேர்ல பார்த்த மாதிரி அண்ணாச்சி நெஞ்சுக்குள்ள இறங்குச்சு. சொல்லி முடிச்சதும் மறுஆளு, துடைச்ச தரையில ஈரம் காயிற மாதிரி, இல்லாம போனான். கையில இருந்த நம்பரும் அழிஞ்சுபோச்சு. அண்ணாச்சிக்கு ரெண்டு நாளு சோறு இறங்கல. மூணாவது நாளு டீக்கடையில உக்காந்து ஊருக்கு உபதேசம் பண்ணினாரு: "அனுப்புங்கவே, தாராளமா அனுப்புங்க. திரும்பி வந்தா மட்டும் என்னாச்சுன்னு கேட்டுராதீங்க."

ஊரு அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுச்சு. நல்லது சொன்னா ஏறாத மண்டைக்கு இது மட்டும் சட்டுனு ஏறும். ஆனி மாசத்துக்குள்ள கல்யாணத்துக்கு ஒருத்தன், காதுகுத்துக்கு ஒருத்தன், பால்காய்ப்புக்கு ஒருத்தன், பெத்த தாயை ஆஸ்பத்திரியில பார்க்க ஒருத்தன், மகனைப் பத்தி வாத்தியார் என்ன சொல்லுதாருன்னு கேக்க ஒருத்தன், கோயில் வரிசையில நின்னு சாமி கும்பிட ஒருத்தன்னு ஆம்பளையும் பொம்பளையும் வாசப்படிக்கு வாசப்படி ரெண்டு காலையும் சேர்த்து வச்சாங்க. மினிபஸ் கண்டக்டர் "வெறுங்கை எல்லாம் பின்னால போ"ன்னு விரட்டப் பழகினான். கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளையைத் தவிர மத்த எல்லாம் வெறுங்கை, ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையே வெறுங்கைன்னு ஒரு பேச்சு உண்டு, தாலி ஏறினப்புறம் யாரு கையைத் திருப்பிப் பார்க்கா? பழைய ஆளுங்க எல்லாம் வீட்டுல காலாட்டிக்கிட்டு செல்போனைத் தேய்ச்சாங்க.

போனவங்க எல்லாம் ஒழுங்காத் திரும்பி வந்தாங்க. வந்து, கேக்க ஆளில்லாம, வாசல்லயும் முடுக்குலயும் மில்லுச் சுவரோரமும் நின்னாங்க. சோறு தண்ணி கேக்க மாட்டாங்க, உக்கார மாட்டாங்க, பார்த்ததை வாய்க்குள்ள அடக்கிக்கிட்டு பழைய ஆளோட மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. ஊரு அவங்களுக்கு "நிக்கிறவுக"ன்னு பேரு வச்சுட்டு வேலையைப் பார்த்துச்சு. ரெண்டு நிக்கிறவுகளுக்கு நடுவுல கொடி கட்டித் துணி காயப் போட்டாங்க. கட்சிக்காரன் அவங்க தோள்ல கம்பைச் சொருகிக் கொடி ஏத்தினான். பெத்த தாயோட கடைசி வார்த்தையை வாய்க்குள்ள வச்சுக்கிட்டு நிக்கிறவன் மேல ஈரப் பாவாடையைக் காயப் போடுதவங்களை நான் மனுசங்கன்னு எப்படிச் சொல்ல?

அவங்ககிட்டக் கேட்ட ஒரே ஆளு மாடத்தி. தெருக்கூட்டுற மாடத்தி. எங்க பேரூராட்சிப் பதிவுல ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு, மறுஆளுக்கு விழுறதும் அதே வரிசையிலதான். முதமுதலா ஊர்க்காரங்களுக்கு நம்பர் போட்ட அன்னைக்கு விடியக்காலம் தெருவுல அவ ஒருத்திதான் இருந்தா, அதனால ஒன்னாம் நம்பர் அவளுக்கு விழுந்துபோச்சு, பெரிய வீட்டுக்காரங்களுக்கு இன்னைக்கும் அது வயித்தெரிச்சல். பழைய ஆளு உயிரோட இருக்கிற வரைக்கும் நிக்கிறவுக வேற யாரு கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாங்க, அவன் செத்துட்டா எல்லாரும் தானாத் திரும்பி ஒன்னாம் நம்பர் மாடத்திகிட்ட நடந்து போவாங்க. பத்து மணிக்குக் கூட்டி முடிச்சுட்டு தண்ணித்தொட்டிப் படியில உக்காந்து டீ குடிக்கிறவ, ஒவ்வொருத்தரையா நிமிந்து பார்த்து, "என்னய்யா ஆச்சு?"ன்னு கேப்பா. முழுசாக் கேட்டு, அழ வேண்டியதுக்கு அழுது, சிரிக்க வேண்டியதுக்குச் சிரிச்சு, மூஞ்சியைக் கழுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருவா. "கேட்டா என்னம்மா, தேஞ்சா போயிருவோம்?"னு என்கிட்ட ஒருநாள் சொன்னா.

இப்பம் உலகம்மா கதைக்கு வாரேன், இது அவளோட கதைதான். உலகு, இருபத்திநாலு வயசு, முதப் பிரசவம். புருசன் லிங்கதுரை, பஜார்ல செல்போன் கடை, நாலு தெரு தள்ளி வீடு. மாசா மாசம் செக்கப்புக்கு அவகூட வந்தது பூரா மறுஆளு. முத செக்கப்புக்கு வந்தவன் நம்பர் 7302, லிங்கதுரை கையில முதமுதலா விழுந்தது அதுதான், அப்புறம் ஒன்னுக்குக் கீழ ஒன்னா அவன் கையில ஒன்பது நம்பர். ஆனா ஒன்னு சொல்லணும், அந்த ஒன்பது பேரும் தங்கம். செக்கப்புக்குக் கூடப் போறவங்கிறதைத் தவிர வேற எதுவும் இல்லாதவங்க, அதனால அதை முழுசாச் செஞ்சாங்க. அவ படியேறையில முழங்கையைப் பிடிச்சாங்க, ரத்தம் எடுக்கையில அவ மூஞ்சியைத் திருப்பி விட்டாங்க. முதமுதலா மிசின்ல பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பைக் கேட்டவன் குதிரை ஓடுற மாதிரி இருக்கேன்னு அழுதான். "சிஸ்டர், இவுக நல்லாருக்காக, வீட்டுல இருக்கவர் மாதிரி இல்ல"ன்னு உலகு என் காதுல சொல்லிச் சிரிச்சா. செக்கப் முடிஞ்சதும் அவளைக் கொண்டு போயி வீட்டுல விட்டுட்டு, லிங்கதுரை முன்னால நிப்பாங்க. அவன் "கஸ்டமர் நிக்காங்க, தள்ளிப் போ"ன்னு விரட்டுவான். கடைக்கு இடைஞ்சல்னு சொல்லி ஒன்பது பேரையும் கடைப் பையனை விட்டு எங்க ஆஸ்பத்திரி வராந்தாவுலயே கொண்டு வந்து நிப்பாட்ட வச்சான்.

பத்து மாசம் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, வலி வரல. ரெண்டு வாரம் ஆச்சு, வரல. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம், ஊசி போட்டாங்க, டிரிப் ஏத்தினாங்க, கத்தி வச்சாங்க, கத்தி வழுக்கிக்கிட்டுப் போச்சு. "உங்க ஊரு விவகாரம், உங்க ஊர்லயே பாருங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பத்தான் பேரூராட்சி கிளார்க் வந்து சொன்னாரு, நம்பர் தீந்துபோச்சுன்னு. எங்க பேரூராட்சி நம்பர் முத்திரைக்கு நாலே சக்கரம், 9999க்கு மேல அது சுத்தாது. உயிரோட இருக்கிறவங்க ஆறாயிரத்துச் சொச்சம், மிச்சம் பூரா நிக்கிறவுக. ஒரு நம்பர் காலியாகாம ஒரு உயிரு புதுசா உள்ள வர முடியாது. வயித்துக்குள்ள குதிரை நாளுக்கு நாளு மெதுவா ஓடுச்சு. நான் தினமும் காலையில எண்ணிப் பார்த்துட்டு, "நல்லாருக்குட்டி"ன்னு உலகுகிட்டப் பொய் சொன்னேன்.

ஊருக்கு இது எப்பம் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. அடுத்த வருசம் ஆவணியில ஒரு முகூர்த்தத்தன்னைக்குத் தவசிமுத்து அண்ணாச்சி ரெண்டு காலையும் சேர்த்து வச்சு இறங்கியும் ஒத்த ஆளாவே இறங்கினப்பத்தான். அடேயப்பா, என்ன கூப்பாடு! அன்னைக்கே கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. ஒரே நாள்ல மூணு விசேஷம் வந்தா மனுசன் என்ன செய்வான்னு ஒருத்தன் அழவே அழுதான். நான் எந்திரிச்சு, "ஒரு புள்ள வயித்துக்குள்ள செத்துக்கிட்டு இருக்கு. ஆளுக்கு ஒரு நிக்கிறவுககிட்டப் போயி என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க, நம்பர் காலியாகும்"னு சொன்னேன். எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி உக்காந்திருந்தாங்க. லிங்கதுரை குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணினான். பின்னாலருந்து ஒரு குரல், "சிஸ்டர், உங்க ஸ்டோர் ரூம் பின்னால ஒன்னு நிக்குதே, அதை நீங்க கேட்டீங்களா?"

இந்த ஊரை இவ்வளவு ஏசுதேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஆடி மாசம் எங்க அண்ணன் மதுரையில ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தான். நான் லீவு இல்லைன்னு சொல்லி மறுஆளை அனுப்பிட்டேன், நோயாளிகளைப் பார்த்தே பிழைக்கிறவ சொந்த அண்ணனைப் பார்க்க வெறுங்கைக்காரியை அனுப்பினேன். மூணாவது நாளு அவ திரும்பி வந்து மருந்து ஸ்டோர் ரூம் பின்னால நின்னா, நான் அந்தப் பக்கம் போறதையே நிப்பாட்டிட்டேன். கூட்டத்துலருந்து நேரா அங்க போனேன். "போன காரியம் என்னாச்சு?"ன்னு கேட்டேன். "ஜெபா வந்துட்டாளான்னு அண்ணன் கேட்டாங்க. நான் வந்துட்டேன்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சாங்க, திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாங்க, சரின்னாங்க. அப்புறம் பேசல"ன்னா. சொல்லிட்டுப் போயிட்டா. நான் அங்கேயே தரையில உக்காந்துட்டேன். நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துச்சு, வெடிக்கல. யாருக்கும் வெடிக்காது, அதுதான் எனக்கு அவமானமா இருந்துச்சு.

என் நம்பர் காலியான அதே நேரம் வார்டுல உலகு கட்டில் கம்பியைப் பிடிச்சுக் கத்தினா. வலி! ஓடினேன். ரெண்டே வலி, அதோட நின்னுபோச்சு. விசாரிச்சா, நம்பர் காலியாகுமான்னு அன்னைக்குப் பூரா வாசப்படியில ஏறி ஏறி இறங்கிக்கிட்டு இருந்திருக்காரு தவசிமுத்து அண்ணாச்சி. எங்க அண்ணன் சாவைக் கொடுத்து நான் வாங்கின நம்பரை எடுத்து ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு ஆள் அனுப்பிட்டாரு. தூ!

மறுநாள் நோட்டரி குத்தாலலிங்கம் ஒரு வழி சொன்னாரு. படிச்ச மூளை. "செத்தவனோட நிக்கிறவுகளை மாடத்தி கேப்பால்ல? அப்பம் நாம செத்துட்டாப் போச்சு. நிசமாச் சாக வேண்டாம்வே, போஸ்டர் ஒட்டினாப் போதும், இந்த ஊர்ல போஸ்டர் ஒட்டிட்டா செத்ததுதான்"னாரு. ஒரு வார்த்தை கேக்கிறதுக்குப் பதிலா சாகலாம்னு சொன்னதும் மண்டபமே கை தட்டுச்சு. மூணு நாளு அச்சாபீஸ் மிசின் நிக்கல. கல்யாண ஆல்பத்துலருந்து நல்ல போட்டோவாப் பார்த்து எடுத்துக் கொடுத்தாங்க. தோற்றம், மறைவு, கீழ "உங்கள் பிரிவால் வாடும்"னு போட்டுத் தம் பேரையே போட்டுக்கிட்டாங்க. அவரு போஸ்டர் பெருசா இவரு போஸ்டர் பெருசான்னு சண்டை வேற. நாலாம் நாளு விடியவும் மொத்த ஊரும் ஒன்னா ஒட்டுச்சு. அண்ணாச்சி போஸ்டர் மட்டும் பஸ் ஸ்டாண்டு சுவரை முழுசா அடைச்சுக்கிட்டுச்சு, ஒருவழியாப் பொணமாகவும் இருந்து பார்த்துட்டாரு. பதினாறு நாளு காத்திருக்காம அன்னைக்கே தன் பதினாறாம் நாளு விசேஷத்துக்குத் தானே பந்தல் போட்டு, தானே பந்தியில உக்காந்து, வடை நல்லாருக்குன்னு தானே சொன்னான் ஒவ்வொருத்தனும்.

லிங்கதுரை கடைசியா வந்தான். பெண்டாட்டி பத்து மாசம் ஏறி இறங்கின ஆஸ்பத்திரிக்கு அவன் காலு பட்டது அன்னைக்குத்தான், கையில பசை வாளி, கக்கத்துல போஸ்டர். நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன், கெஞ்சினேன்னே வச்சுக்கோங்க. "லிங்கதுரை, உன்னை இழுத்துப் போட்டவ கேக்கேன்யா. இதா ஒன்பது பேரு நிக்காங்க. ஒருத்தனைக் கேளு, ஒத்தை ஆளை. உன் புள்ளையோட நெஞ்சுத் துடிப்பைக் கேட்டவன்யா இவன்."

அவன் அந்த ஒன்பது பேரையும் பார்க்கவே இல்ல. "சிஸ்டர், எனக்கு ரொம்ப இளகின மனசு. அதெல்லாம் கேட்டாத் தாங்க மாட்டேன்"னு சொல்லிட்டு, வார்டு ஜன்னலுக்கு எதுத்தாப்புல சுவத்துல பசையைத் தடவி ஒட்டினான். கூலிங்கிளாஸ் போட்டுக் கை கூப்பின போட்டோ. அடுத்த நிமிசம் வராந்தாவுல நின்ன ஒன்பது பேரும் திரும்பினாங்க, கையில அந்தந்த மாசத்துச் செக்கப் சீட்டோட வரிசையாப் படியிறங்கிப் போனாங்க. உலகு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவங்க தெருமுனை திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தா.

நான் தண்ணித்தொட்டிக்கு ஓடினேன். ஊர்ல இருந்த நிக்கிறவுக எல்லாம் அங்கதான் வரிசை கட்டி நின்னாங்க, வரிசை கண்மாய்க்கரை தாண்டி நின்னுச்சு. "மாடத்தி, இவனுவ எல்லாம் உயிரோடதான் இருக்கானுவ, தெரியும்லா?"ன்னேன். "தெரியும்மா. செத்துட்டேன்னு அவுகளே எழுதி ஒட்டிட்டாக, நான் இல்லைன்னா சொல்ல முடியும்? நிக்கிற பிள்ளைக என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு சொல்லிட்டு, நான் கேட்டுக்கிட்டதுக்காக அந்த ஒன்பது பேரையும் முன்னால கூப்பிட்டா. 7302 முதல்ல வந்தான். "என்னய்யா ஆச்சு?"ன்னா. "குதிரை ஓடுற மாதிரி இருந்துச்சும்மா"ன்னு ஆரம்பிச்சான்.

நான் திரும்பி வரையில உலகு கத்துற சத்தம் ரோட்டுக்கே கேட்டுச்சு. இந்தத் தடவை நிக்கல. எவனும் குறுக்க வந்து நம்பரைப் பிடுங்கல, செத்தவனுக்கு ஏது நம்பர்? ஊர்ல வாசப்படிக்கு வாசப்படி தம் கையைத் தாமே விரிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னாங்க, எல்லாம் வெறுங்கை. சாயங்காலம் நாலே காலுக்குப் பொம்பளைப் புள்ள பிறந்துச்சு, ரெண்டே முக்கால் கிலோ, தொண்டை கிழிய அழுதுச்சு. உலகு உள்ளங்கையில மருதாணிச் செவப்புல 7302னு புள்ளையோட நம்பர் விழுந்துச்சு. நானும் அழுதேன், ஆமா, சொல்லுததுக்கு என்ன வெக்கம்?

அழுகைச் சத்தம் கேட்டு லிங்கதுரை ஓடி வந்தான். வராந்தாவுல, அந்த ஒன்பது பேரு நின்ன அதே இடத்துல நின்னுக்கிட்டு, மூச்சு வாங்க, "என்னாச்சு சிஸ்டர்? என்னாச்சு? ஆணா பொண்ணா? உலகுக்கு என்னாச்சு?"ன்னு கேட்டான். பத்து மாசம் கழிச்சு அந்த வார்த்தை அவன் வாயிலருந்து அன்னைக்குத்தான் வந்துச்சு.

நான் பிறப்புப் பாரத்தைப் பூர்த்தி பண்ணிக்கிட்டு இருந்தேன். தகப்பன் பேரு இருக்கிற இடத்துல காலஞ்சென்ற லிங்கதுரைன்னு எழுதினேன். "செத்தவங்க கேட்டாப் பதில் சொல்ற வழக்கம் எங்க ஆஸ்பத்திரியில இல்ல"ன்னு நிமிராமலே சொன்னேன்.

"சிஸ்டர், வெளையாடாதீங்க. உயிரோட நிக்கேன்ல?"

"பசை இன்னும் காயலய்யா, போயித் தொட்டுப் பாரு."

உள்ளருந்து உலகு கூப்பிட்டா. போனேன். புள்ளையை நெஞ்சோட சேர்த்து வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தா.

"ஒன்பது பேரும் போயிட்டாகளா சிஸ்டர்?"

"போயிட்டாகம்மா. மாடத்தி எல்லாத்தையும் கேட்டுட்டா."

"வெளிய யாரு சத்தம் போடுதது?"

"போஸ்டர்ல இருக்கானே, அவன்தான்."

புள்ளையோட சுருட்டி வச்ச கையை மெதுவா விரிச்சுப் பார்த்தா, மறுபடியும் மூடி விட்டா.

"அந்தப் போஸ்டரை யாரும் கிழிச்சிராம பார்த்துக்கோங்க சிஸ்டர்"னா.

நான் கிழிக்க விடல. மழையில நனைஞ்சிரக் கூடாதுன்னு மேல ஒரு பாலிதீன் தாளும் வச்சு நாலு மூலையிலயும் ஆணி அடிச்சிருக்கேன்.